புடலங்காயில் தொங்கிய பிரெஞ்சு பிரேக்

என் கடையில் பிரேக் கேபிள் மாற்றிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். கேபிளைத் தொடுவதற்கு முன்னால் சைக்கிள்காரரை நடைபாதையில் நிறுத்துவேன். ஹேண்டிலைப் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டச் சொல்லுவேன். கண்ணை மூடச் சொல்லுவேன். மூடியதும் காது கிழிய ஒரே கத்து: "மாடு!"

பயத்தில் எந்தக் கை முதலில் மடங்குகிறதோ அந்தக் கைக்குப் பின் பிரேக். மற்றக் கைக்கு முன் பிரேக். பினாங்கில் இப்படிக் கேபிள் போடுகிற ஆள் நான் ஒருவன்தான். உலகத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய் அவன் கத்துகிற விதத்தைத் திருத்திவிட்டு வருகிறேன்.

கடையை மருமகனிடம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஸ்பேனர் அவன் கையில். கத்துகிற வேலை மட்டும் இன்னும் என்னுடையது. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிள் ஓட்டுகிற டாக்டர்கள் சிலர் வந்தார்கள். நான் கத்தியதும் அதில் ஒரு டாக்டர் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இது என்ன டெஸ்ட்டு? எங்க காலேஜ்லகூட இப்படி ஒண்ணு சொல்லித் தரலையே" என்றார்.

"உங்க காலேஜ்ல ஆ லெங் தவுக்கே வேலை பாக்கலையேமா" என்றேன்.

கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, தங்கள் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள், இரண்டு பக்கம் போதும் என்றார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிகம் படித்தவர்களுக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே பக்கத்தை எண்ணாதீர்கள்.

தொழில் கற்ற கதையை நீட்ட விரும்பவில்லை. தவுக்கே என்றால் முதலாளி. சீனரான ஆ லெங் தவுக்கே கடையில் ஒன்பது வருஷம் இருந்தேன். முதல் வருஷம் டயரில் காற்று அடித்தேன். இரண்டாம் வருஷம் ஓட்டை அடைத்தேன். மூன்றாம் வருஷத்தில் தவுக்கேயைவிட நன்றாகச் சக்கரக் கோணல் எடுத்தேன். இதை நான் சொல்லவில்லை, சக்கரமே சொல்லும். தவுக்கே சொல்லமாட்டார். ஏனென்றால் அவர் பேசவே மாட்டார்.

அவருக்கு மூன்று "ம்" உண்டு. தொண்டையிலிருந்து சின்னதாக வந்தால், சரி. வாயை மூடிக்கொண்டு நீளமாக வந்தால், கழற்று, மறுபடி செய். மூன்றாவது மூக்கு வழியாக வரும். அப்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அதற்கு அர்த்தம்: நான் சொல்லமாட்டேன், நீயே பட்டுத் தெரிந்துகொள். அந்த மூன்றாவது "ம்" வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

அவர் வாய் திறந்து சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு பாடம். "கானான் டெப்பான், கிரி பெலாக்காங்." வலது முன், இடது பின். வலது கை லீவர் முன் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும், இடது கை லீவர் பின் சக்கரத்தை. நம் ஊரில் ரோட்டுக்கு இடப்பக்கம் போகிறோம். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கையை நீட்டிக் காட்ட வேண்டும். அப்போது ஹேண்டிலில் இடது கை மட்டும்தான் இருக்கும். அந்த ஒற்றைக் கை முன் பிரேக்கை அழுத்தினால் சைக்கிள் நிற்கும், ஆள் நிற்கமாட்டான். அதற்குத்தான் இந்தப் பாடம். கேபிள் போட வருகிற ஒவ்வொருத்தரையும் இதை மூன்று முறை சொல்ல வைத்த பிறகுதான் தவுக்கே சைக்கிளைக் கையில் கொடுப்பார். வெள்ளைக்காரனாக இருந்தாலும் சரி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பினாங்குத் தெருவுக்குப் பக்கத்தில் சொந்தக் கடை போட்டேன். "எந்த நாட்டுச் சைக்கிளும் இங்கே பணியும்" என்று போர்டு எழுதி மாட்டினேன். அந்தப் போர்டைப் பார்த்துத்தான் பொன்னம்பலம் கிராணியார் உள்ளே வந்தார். பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எல்லாரும் இன்னும் பெரிக் கப்பலில்தான் அக்கரைப் பட்டர்வொர்த் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியான வெயிலில்கூட முழுக்கைச் சட்டையில் எல்லாப் பொத்தானும் போட்டிருப்பார். கையில் ஒரு கனமான பைல்.

"தம்பி, உம்முடைய போர்டிலை எந்த நாட்டுச் சைக்கிளும் எண்டு கிடக்கு. பிரான்சும் அதுக்குள்ளை வருமோ?"

"வரும்யா. சந்திரனுக்குப் போற சைக்கிள்னாலும் கொண்டாங்க."

"கொண்டு வரேலாது. நீர்தான் வரவேணும்."

பைலைத் திறந்தார். விஷயம் இதுதான். லூயி என்று ஒரு பிரெஞ்சு எஞ்சினியர் பதினொரு வருஷம் இந்த ஊரில் வேலை பார்த்தவர், கிராணியாருக்குச் சிநேகிதர். ஊருக்குத் திரும்பும்போது தன் பந்தயச் சைக்கிளை இவரிடம் விட்டுப் போனார். "பத்திரமாக வைத்திருங்கள், ஒரு நாள் வந்து ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பன்னிரண்டு வருஷம். அன்றிலிருந்து மாதம் ஒரு கடிதம் டைப் அடித்து அனுப்பியிருக்கிறார் கிராணியார். ஒவ்வொன்றுக்கும் கார்பன் பிரதி பைலில் இருந்தது.

எனக்கு இங்கிலீஷ் காதில் விழும், வாயில் வராது. அவரே வாசித்து அர்த்தம் சொன்னார். "இந்த மாதமும் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டேன். நல்ல நிலையில் இருக்கிறது." "சிவப்பு டயர் மாற்றினேன்." "பிரேக் கேபிளுக்கு நீல உறை போட்டேன், மிக அழகு." "ஞாயிறுதோறும் தாவரத் தோட்டம் வரை ஓட்டிப் போகிறேன். மணியைத் துடைத்து வைத்திருக்கிறேன்."

"இவ்வளவு நல்லா வெச்சிருக்கீங்களே, அப்புறம் நான் எதுக்கு?"

கிராணியார் மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "முதல் கடிதம் மட்டும் உண்மை, தம்பி. ரெண்டாவதிலை கொஞ்சம் கூட்டி எழுதிப்போட்டன். பிறகு அதுக்கு ஏத்த மாதிரி எழுத வேண்டி வந்திட்டுது. எனக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது. முப்பது வருஷம் ஆபீசிலை நான் ஒரு பொய் வரி எழுதினதில்லை. எழுதின பொய் முழுக்க இந்தப் பைலுக்கைதான் கிடக்கு. அவர் எட்டாம் நாள் பின்னேரம் வாறார்."

பைலை மார்போடு அணைத்துக்கொண்டார். சிரிக்கலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஆயர் ஈத்தாமில் மேட்டுச் சந்து ஒன்றின் அடியில் அவர் வீடு. பின்கட்டில் சைக்கிளைக் காட்டினார். எனக்குத் தெரிந்ததெல்லாம் புடலங்காய்ப் பந்தல். உற்றுப் பார்த்தால் பந்தலின் ஒரு கால் சைக்கிள். செடி முன் சக்கரத்தில் ஏறி, ஹேண்டிலைச் சுற்றி, சீட்டில் உட்கார்ந்து, அங்கிருந்து மேலே போயிருந்தது. பந்தல் கம்புகளைக் கட்டியிருந்தது கயிறு இல்லை, பிரேக் கேபிள்.

புடலங்காய் வளையாமல் நேராக வளர நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள் அல்லவா? இந்தப் பந்தலில் கல் இல்லை. இரண்டு காயில் பெடல் தொங்கியது. ஒரு காயில் பிரேக் கை. நாலாவது காயில் சைக்கிள் மணி. காற்றடித்தால் லேசாகக் கிணுங்கும்.

பிரேக்கைத் தொட்டேன். "கழட்டாதேங்கோ!" என்று ஒரு குரல். கிராணியார் மனைவி செல்லம்மா அக்கா அகப்பையோடு நின்றார். "அதைக் கழட்டினா காய் பாம்பு மாதிரி சுருண்டு போம்."

"அக்கா, இது பிரெஞ்சு பிரேக்கு."

"இருக்கட்டும். என்ரை காய் எவ்வளவு நேராக் கிடக்கு பாத்தீரோ? முந்தி கல்லுத்தான் கட்டினனான், இந்த வடிவு வரேல்லை."

ஒவ்வொரு காய்க்கும் அதே எடையில் கல் தேடிக் கட்டிக் கொடுத்த பிறகுதான் சாமான்களை விட்டார். கடைக்குப் போய்த் தராசை எடுத்து வந்து பெடலுக்கு ஒரு கல், பிரேக்குக்கு ஒரு கல் என்று நிறுத்தேன். என் தொழிலில் நான் செய்யாத வேலை இல்லை என்று சொன்னால் நம்புங்கள்.

பந்தலுக்கு வேறு ஒரு கம்பு ஊன்றிவிட்டு, சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தேன். எல்லாம் வந்தது. பெடல் அச்சு சுழல்கிற கிண்ணம் மட்டும், அதுவும் வலப்பக்கக் கிண்ணம், வரமாட்டேன் என்றது. நான் அதுவரை கழற்றிய கிண்ணங்கள் எல்லாம் இங்கிலாந்துச் சைக்கிளுடையவை. அதில் வலப்பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை. கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால் கழலும். தூக்கத்தில்கூட என் கை அந்தப் பக்கம்தான் திரும்பும். திருப்பினேன். அசையவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றினேன். அசையவில்லை. பக்கத்தில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த காசிம் அண்ணன் கொதிக்கிற தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அசையவில்லை. எதிர்க்கடைப் பத்தர் ஊதுகுழலால் சூடு காட்டினார். பெயின்ட் மட்டும் கொஞ்சம் வெந்தது. சவப்பெட்டி செய்கிற சீனர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சைக்கிளின் நீளத்தைக் கையால் அளந்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் சைக்கிள் சட்டத்தை நடைபாதைத் தூணோடு கட்டினேன். பெரிய ஸ்பேனரை மாட்டி, அதில் ஆறடித் தண்ணீர்க் குழாயைச் செருகி, குழாய் பின்சக்கரப் பக்கம் நீட்டியிருக்கும்படி வைத்தேன். நான், பத்தர், பால்காரர் மூன்று பேரும் குழாயை மேலே தூக்கினோம். தூண் முனகியது. கிண்ணம் முனகவில்லை. வெறுத்துப் போய் மூவரும் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

காசிம் அண்ணன் சமையலை முடித்துவிட்டு வெளியே வந்தார். அவர் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால், அவர் கடையில் எந்தக் கறியும் மிஞ்சாது. கால் வலிக்கிறது என்று உட்கார இடம் பார்த்தார். இடுப்பு உயரத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தார்.

"க்ர்ர்ரீச்!"

நாங்கள் ஓடி வந்தபோது குழாய் தரையில் கிடந்தது. காசிம் அண்ணன் அதன்மேல் கிடந்தார். "யா அல்லா, உடைச்சிட்டனா தம்பி?"

"அசையாதீங்கண்ணே!" என்று கத்தினேன். பார்த்தால் கிண்ணம் கால் சுற்றுக் கழன்றிருந்தது. நாங்கள் மூன்று நாளாய்ப் போராடியதை, அவர் ஒரே ஒரு தடவை கீழே உட்கார்ந்து முடித்துவிட்டார். அப்போதுதான் மண்டையில் ஏறியது. பிரெஞ்சுக்காரன் கிண்ணத்துக்கு மரையே எதிர்ப் பக்கம். மூன்று நாளாக நாங்கள் அதைக் கழற்றவில்லை, முறுக்கியிருக்கிறோம்.

காசிம் அண்ணன் எழுந்து பின்பக்கம் தட்டிக்கொண்டார். "மூணாங்கிளாஸ் படிச்சவன் மூணு பேர் தூக்கினா இப்படித்தான். நான் ஸ்கூல் பக்கமே போனதில்லை, பாத்தியா?"

அவர் உட்கார்ந்தது தற்செயல். ஆனால் ஏன் கழன்றது என்று கண்டுபிடித்தது நான். அது கணக்கில் இருக்கட்டும்.

அன்று ஒரு பெரிய உண்மையைப் பிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. பிரெஞ்சுக்காரன் எல்லாவற்றையும் நமக்கு எதிராகச் செய்வான். ரோட்டில்கூட அவன் வலப்பக்கம் போகிறான் என்று கப்பல்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் பிரேக்கும் எதிர்தான். அவனுக்கு இடது முன், வலது பின். இதை யோசித்துப் பிடித்தபோது என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். அந்த நினைப்பில் தப்பும் இல்லை. பிரான்சில் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த மூன்று நாளில் சட்டத்தைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். சக்கரக் கோணல் எடுத்தேன். கடிதத்தில் சிவப்பு டயர், ஆகவே சிவப்பு டயர். கிராணியார் தினமும் பைலோடு வந்து கடிதமும் சைக்கிளும் ஒத்துப் போகிறதா என்று பேனாவால் டிக் போட்டுவிட்டுப் போவார். கேபிள் முனையில் ஈயக் குமிழ் ஒன்று இருக்குமே, லீவருக்குள் உட்காருவது, நம் கடைக் குமிழ் பிரெஞ்சு லீவருக்குப் பெரிது. அரத்தால் தேய்த்துத் தேய்த்து உளுந்து அளவுக்குக் கொண்டுவந்தேன்.

நீல உறைதான் கிடைக்கவில்லை. ஊரெல்லாம் கறுப்பும் சாம்பலும்தான். "கறுப்புப் போடட்டாய்யா?" என்றேன். "கடிதத்திலை நீலம் எண்டு கிடக்கு, தம்பி" என்றார். பட்டர்வொர்த் கடைக்காரன் ஒருவன் வரவழைத்துத் தருவதாகச் சொன்னான். வரும் வரும் என்று ஏழு நாள் போனது. எட்டாம் நாள் ஆயுத பூசை.

காலையில் என் வீட்டுக்காரி கடைக்கு வந்து ஸ்பேனர், குறடு, அரம், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, மாலை போட்டுக் கற்பூரம் காட்டினாள். மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. மணி ஒன்பது. பத்து மணிக்குப் பெரியில் ஓர் ஆள் வந்து பொட்டலத்தைக் கொடுத்தான். நீல உறை. லூயி ஐந்து மணிக்கு வருகிறார்.

நான் குறடைப் பார்த்தேன். என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "கை வெச்சுப் பாருங்க" என்றாள். வைக்கவில்லை.

காசிம் அண்ணன் தன் அடுப்பு இடுக்கியை நீட்டினார். "இதைப் பிடி. இதுக்கு உங்க பூசை எல்லாம் கிடையாது." அதில் நட்டைப் பிடித்தேன். கறி எண்ணெயில் வழுக்கியது. நீல உறையை என் வீட்டுக்காரியின் பாக்குவெட்டியால் வெட்டினேன், அது வெட்டியது. நட்டுதான் முறுகவில்லை.

அந்த நேரம் ஆ லெங் தவுக்கே வந்தார். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் கடலைச் சுண்டல் சாப்பிட வருவார். பனியன், பைஜாமா, பின்பாக்கெட்டில் அவருடைய சொந்த ஸ்பேனர். நிலைமையைச் சொன்னேன். ஸ்பேனரை என்னிடம் நீட்டினார்.

"ஸ்பேனர் யாருதா இருந்தா என்ன, கை உங்க கைதானே?" என்றாள் என் வீட்டுக்காரி.

தவுக்கே ஸ்பேனரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சுண்டல் தட்டைக் கீழே வைத்தார். சைக்கிளுக்கு முன்னால் குந்தினார். என்னைப் பார்த்து, சொல்லு என்பது போல முகவாயை ஆட்டினார்.

என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் நான் வாயால் வேலை பார்த்தேன், தவுக்கே கையால் பார்த்தார். கேபிளை லீவருக்குள் விடச் சொன்னேன். உறைக்குள் செலுத்தச் சொன்னேன். அந்தப் பிரேக்குக்கு இரண்டு கை. இரண்டையும் ஒரு குட்டிக் கேபிள் நுகத்தடி மாதிரி இணைக்கும். பெரிய கேபிள் அந்த நுகத்தடியை நடுவில் பிடித்து மேலே இழுக்கும். கட்டைகள் ரிம்மை ஒட்டி நின்றால்தான் நட்டை முறுக்க முடியும். பூசை மாலையிலிருந்து வாழைநாரை உருவி இரண்டு கைகளையும் ரிம்மோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். கேபிளை இழுத்துப் பிடித்து முறுக்கச் சொன்னேன். ஒரு நூல் நழுவவில்லை.

"எந்தக் கை லீவர் எந்தச் சக்கரம்?" என்று கேட்பது போல ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"இடது முன், தவுக்கே. பிரெஞ்சுச் சைக்கிள். எல்லாம் எதிர்தான்" என்றேன் பெருமையாக.

தவுக்கே முகத்தை வேறு பக்கம் திருப்பினார். மூக்கு வழியாக "ம்" வந்தது. சுண்டலில் காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலரை மணிக்குச் சைக்கிள் கிராணியார் வீட்டு வாசலில் நின்றது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கிராணியார் டை கட்டியிருந்தார். பைலை எடுத்து அலமாரியில் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டு, அந்தப் பையின் பொத்தானையும் போட்டார். நான் ஒரு பக்கம். கூப்பிடாமலே கூட வந்த தவுக்கே மிச்சச் சுண்டலோடு இன்னொரு பக்கம்.

டாக்சியில் லூயி வந்து இறங்கினார். நெட்டையான மனிதர், வெள்ளை மீசை. கிராணியாரைக் கட்டிப்பிடித்தார். சைக்கிளைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். சிவப்பு டயரைத் தொட்டார். நீல உறையைத் தடவினார். மணியை அடித்துப் பார்த்தார்.

"கடிதத்தில் எழுதிய மாதிரியே இருக்கிறதே!" என்றார் இங்கிலீஷில். "ஞாயிறுதோறும் ஓட்டுகிறீர்களே. கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்கள்."

கிராணியார் முகம் வெற்றிலைச் சுண்ணாம்பு நிறமானது. "இன்றைக்கு... முழங்கால்..." என்றார்.

"அப்படியானால் நான்" என்று லூயி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்து மேட்டுக்கு ஏறினார். உச்சியில் திருப்பி, கால் போட்டு உட்கார்ந்தார். பிறகு பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பது மாதிரி உரக்கச் சொன்னார். மேட்டிலிருந்து எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கானான் டெப்பான், கிரி பெலாக்காங்! கானான் டெப்பான், கிரி பெலாக்காங்!"

நான் போடச் சொன்னது இடது முன். திரும்பித் தவுக்கேயைப் பார்த்தேன். அவர் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"துரை! நில்லுங்க!" என்று தமிழிலேயே கத்தினேன். நில் என்றதைப் போ என்று நினைத்தாரோ என்னவோ, அவர் காலை எடுத்துவிட்டார். சைக்கிள் சந்தில் இறங்கியது. நல்ல வேகம். சக்கரம் ஒரு மயிரிழை ஆடவில்லை, என் கோணல் எடுப்பு அப்படி. வாசல் வந்ததும் செல்லம்மா அக்காவைப் பார்த்தார். சந்தோஷத்தில் வலது கையைத் தூக்கி ஆட்டினார். ஹேண்டிலில் இடது கை மட்டும். பின் பிரேக் என்று நம்பி அதை இறுக்கி ஓர் அழுத்து அழுத்தினார்.

நான் உண்மையைச் சொல்லுகிறேன். அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பெருமை. முன் சக்கரம் அப்படியே நின்றது. அந்த இடத்தில், அந்தக் கணத்தில். சைக்கிள் பின்பக்கம் எழும்பியது. லூயி துரை கையை ஆட்டிக்கொண்டே ஆகாயத்தில் போனார். வேலியைத் தாண்டி, வீட்டுப் பக்கவாட்டு நடைவழியைத் தாண்டி, பின்கட்டில் புடலங்காய்ப் பந்தலுக்குள் போய் இறங்கினார். பந்தல் அவரைத் தாங்கி, யோசித்து, பிறகு மெல்ல அவரோடு படுத்துக்கொண்டது.

"என்ரை காய்!" என்றார் செல்லம்மா அக்கா.

ஓடிப் போய்ப் பார்த்தோம். இலைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தார். ஓர் இடத்திலும் காயமில்லை. மீசையில் ஒரு பூ. முகத்துக்கு நேர் மேலே இன்னும் சாயாத ஒரு கம்பு. அந்தக் கம்பைக் கட்டியிருந்தது அவருடைய பழைய பிரேக் கேபிள், முனையில் ஈயக் குமிழோடு. நான் பெடலையும் பிரேக்கையும் மணியையும்தான் பொறுக்கினேன். துருப்பிடித்த கேபிளை அவிழ்க்கவில்லை.

லூயி அந்தக் குமிழை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். கிராணியார் பந்தலுக்கு வெளியே நின்றார். டையைத் தளர்த்தினார். நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக மேல் பொத்தானைக் கழற்றினார்.

"மிஸ்டர் லூயி" என்றார். "நான் எண்ணெய் போடவில்லை. டயர் மாற்றவில்லை. தோட்டத்துக்குப் போகவில்லை. எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. நூற்று நாற்பத்து மூன்று கடிதம் பொய். பிரதி எல்லாம் அலமாரியில் இருக்கிறது." சாவியை எடுத்து நீட்டினார்.

லூயி படுத்தபடியே சட்டைப்பையில் கைவிட்டு ஒரு போட்டோவை எடுத்தார். கிராணியார் மகளின் பட்டமளிப்பு நாளில் பின்கட்டில் எடுத்த குடும்பப் படம். கிராணியாரே ஐந்து வருஷத்துக்கு முன்னால் அனுப்பியது. எல்லாரும் சிரிக்கிறார்கள். பின்னால் பந்தல். பந்தலில் சக்கரம், ஹேண்டில், சீட்டு. நாலாவது காயில் மணி.

"ஐந்து வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் லூயி. "ஒவ்வொரு மாதமும் உங்கள் கடிதத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். என் மனைவி போன பிறகு என்னைச் சிரிக்க வைத்த தபால் அது ஒன்றுதான். தெரியும் என்று எழுதினால் நிறுத்திவிடுவீர்கள். நான் சைக்கிளைப் பார்க்க வரவில்லை. இந்தக் காயைப் பார்க்க வந்தேன்."

கிராணியார் பந்தலுக்குள் குனிந்து போய், அந்த முழுக்கைச் சட்டையோடு, அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். செல்லம்மா அக்கா, "விழுந்த காயெல்லாம் இண்டைக்கே சமைச்சுப்போட வேணும், எல்லாரும் இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று பொறுக்க ஆரம்பித்தார்.

நான் தவுக்கே பக்கம் திரும்பினேன். லூயி இங்கே இருந்த காலத்தில் அந்தச் சைக்கிளுக்குப் பினாங்கு முறைப்படி கேபிளை மாற்றிப் போட்டு, மூன்று முறை பாடம் சொல்ல வைத்து அனுப்பியவர் அவரேதான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. "தெரிஞ்சும் ஏன் சொல்லலை தவுக்கே?"

ஒன்பது வருஷத்தில் அவர் பேசாத அளவுக்கு அன்று பேசினார். "ஹரி இனி லு தவுக்கே லா. இன்னைக்கு நீதான் முதலாளி. முதலாளி இடது சொன்னா, நான் இடது போடுவேன்." பிறகு கவிழ்ந்து கிடந்த சைக்கிளிடம் போய் முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். கேபிள் நழுவாமல் நின்றது. தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு "ம்".

அந்த "ம்" போதும் எனக்கு. இப்போது சொல்லுங்கள், சைக்கிள் எந்த நாட்டுது என்று பார்த்துக் கேபிள் போடுவதா, ஓட்டுகிற ஆளின் கை எந்த நாட்டுது என்று பார்த்துப் போடுவதா? மறுநாள் காலை ஸ்பேனரை எடுத்ததும் முதல் வேலையாக லூயியை நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, "மாடு!" என்று கத்தினேன். இடது கை மடங்கியது. இடது கைக்குப் பின் பிரேக் போட்டேன்.

லூயி மூன்று வாரம் இருந்துவிட்டு, சைக்கிளை மறுபடியும் கிராணியாரிடமே விட்டுப் போனார். அடுத்த மாதம் கிராணியார் கார்பன் பிரதியோடு கடைக்கு வந்தார். அனுப்புவதற்கு முன்னால் நான் பார்க்க வேண்டுமாம். வாசித்து அர்த்தம் சொன்னார். "இந்த மாதம் சைக்கிளுக்கு எண்ணெய் போடவில்லை. பந்தல் புதிதாகப் போட்டாயிற்று. மணி நாலாவது காயில் தொங்குகிறது. நேற்றுக் காலை சந்தில் நானே ஓட்டிப் பார்த்தேன். விழுந்தேன்."

முழங்கையில் பிளாஸ்திரி தெரிந்தது. சட்டையின் அந்தக் கையை மடித்து விட்டிருந்தார்.

"எல்லாம் சரிங்கய்யா" என்றேன். "கடைசியில ஒரு வரி சேருங்க. பிரேக் நல்லாப் பிடிச்சுதுன்னு."

"பிடிச்சதுதான், தம்பி" என்று சொல்லி, பேனாவைத் திறந்து சேர்த்தார்.